கொழிஞ்சியும் தேயிலை மலைகளும்

தேயிலையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் துரைமாரைப் பற்றி எழுதுவார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் நட்ட 19 ஏக்கரோடு கதை தொடங்கும். எம்மவர்கள் எழுதினால் கங்காணியும் லயமும் வரும். அந்தத் தேயிலை நின்ற மண்ணைப் பற்றியும், அந்த மண்ணுக்கு உணவூட்டிய செடிகளைப் பற்றியும் எழுதியவர்கள் குறைவு. அச்செடிகளுள் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கதை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தொடங்கவில்லை. வெயில் காயும் மணல்வெளியில் தொடங்குகிறது.

கொழிஞ்சி என்ற செடியை இராமநாதபுரத்துக்காரருக்கும் மன்னார்க்காரருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுஞ்சி என்றும் சொல்வர். சித்த மருத்துவ நூல்களில் கொள்ளுக்காய்வேளை என்ற பெயரில் வருவதும் இதுவே. முழங்கால் உயரம், கம்பி போன்ற தண்டு, இறகு வடிவில் அடுக்கிய சிற்றிலைகள், ஊதா நிறத்தில் சின்னஞ்சிறு பூக்கள். பூவின் அமைப்பு அவரைப் பூவினுடையதே: மேலே ஒரு கொடியிதழ், இருபுறமும் இரு சிறகிதழ்கள், கீழே படகு போல் மடிந்த இதழ். சிற்றிலையொன்றை நுனியில் பிடித்து இழுத்தால் அது நேராகக் கிழியாது, அம்புமுனை போல் கிழியும். இந்த இனத்தை அடையாளம் காண அதைவிட எளிய வழி இல்லை. ஆணிவேர் ஆழமாகப் போவதால் புல் கருகிக் கிடக்கும் கோடையிலும் இது பச்சையாக நிற்கும். ஆடுமாடுகள் அதிகம் விரும்பாததும் இதற்கு ஒரு பாதுகாப்பு.

அறிவியல் உலகில் இந்தச் செடி இடம்பிடித்ததும் இலங்கை வழியாகத்தான் என்பது பலர் அறியாத செய்தி. 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இங்கு பணிபுரிந்த போல் ஹெர்மன் இத்தீவின் செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சேகரிப்பு சுவீடனில் லின்னேயஸின் கைக்குக் கிடைத்தது. அதைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை அவர் வெளியிட்டார். 1753இல் கொழிஞ்சிக்கு 'ஊதா நிறத்தது' என்று பொருள்படும் பர்ப்பியூரியா என்ற பெயரை இட்டவரும் அவரே. தெப்ரோசியா என்ற இன்றைய பேரினப் பெயர் பின்னர் வந்தது. சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

தமிழ்நாட்டு உழவர் இதை வயலில் விதைத்தனர். நெல் அறுவடைக்கு முன்னரே விதையைத் தூவிவிட்டால் அறுவடைக்குப் பின் கோடை முழுவதும் கொழிஞ்சி வளரும். அடுத்த போகத்துக்கு முன் மடக்கி உழுதுவிடுவார்கள். விதைத்தோல் மிகக் கடினமானது. மணலோடு சேர்த்து இடித்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். இது ஏன் நெல்லுக்கு நல்லது என்று கேட்டால், மண் கொழுக்கிறது என்பதே அவர்கள் சொல்லக்கூடிய விடை. அதற்கு மேலான விடை ஐரோப்பாவிலும் 1886 வரை கிடைக்கவில்லை. அந்த ஆண்டுதான் ஜேர்மனியரான ஹெல்றீகல், அவரைக் குடும்பத்துச் செடிகள் தம் வேர்முடிச்சுகளின் துணையோடு காற்றிலுள்ள நைதரசனைப் பயன்படுத்துகின்றன என்று அறிவித்தார். 1888இல் ஒல்லாந்தரான பையரிங்க் அந்த முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். உயிர்ப்புள்ள ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நமது இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளின் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்கள் பலர். அவர்கள் கால் வைத்த கரையோர மணலில் கொழிஞ்சி நின்றது. அன்று பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, ஊரில் வயல்வேலைக்குத் திரும்பிப் போகிறவர்கள். ஆண்டு முழுவதும் கொழுந்து கொடுக்கும் தேயிலை வந்த பின்னரே நிரந்தரமாகத் தங்கலாயினர். பசுந்தழையை மண்ணில் மடக்கி உழுவதை அறிந்த கைகள் அவற்றில் இல்லாமல் இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம்.

அந்தக் கைகளில் துரைமார் கொடுத்தது சுரண்டியை. தேயிலை மலையில் ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது அக்கால விதி. பார்வையிட வரும் முகவருக்கு வெறுமண் தெரிந்தால்தான் நல்ல தோட்டம். தென்மேற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு பருவ மழைகளை வாங்கும் செங்குத்துச் சரிவில், மண்ணை மூடியிருந்த யாவற்றையும் மாதந்தோறும் சுரண்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. மேல்மண் மகாவலிக்கும் களனி கங்கைக்கும் போயிற்று. அரசாங்கம் மண்ணரிப்புப் பற்றிக் குழு அமைத்து அறிக்கை வெளியிட 1931ஆம் ஆண்டாயிற்று. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது. அப்போதைக்கு மூன்று தலைமுறைகள் சுரண்டி முடித்திருந்தன.

இடையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேராதனை விஞ்ஞானிகள் அவரைக் குடும்பத்தின் பக்கம் திரும்பினர். அருகிலுள்ள கன்னொறுவைப் பரிசோதனைத் தோட்டத்தில் கிலுகிலுப்பை உள்ளிட்ட செடிகளைப் பசும்பசளைக்காகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். தோட்டங்களில் முள்முருங்கையின் உறவான டாடப் மரம் நிழலுக்கும் தழைக்குமாகப் பரவியது. அதனோடு கொழிஞ்சியின் நெருங்கிய இனங்கள் இரண்டும் மலையேறின. ஒன்று, இமயமலை அடிவாரத்திலிருந்து வந்த வெண்பூக் கொழிஞ்சி. அசாம் தோட்டங்களில் இதற்கு போகா மெடலோவா என்று பெயர். மற்றது ஆபிரிக்காவின் தெப்ரோசியா வோகெலி. அங்கே இதன் தழையை இடித்து ஆற்றில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள். பூச்சிகொல்லியாகப் பெயர்பெற்ற ரொட்டினோன் அதில் இருக்கிறது. இரண்டும் ஆளுயரத்துக்கு மேல் வளர்பவை. தேயிலை நிரைகளின் இடையே விதைத்து, வளர்ந்ததும் வெட்டி அங்கேயே பரப்புவார்கள். கவ்வாத்துக் காலத்தில் வெட்டிய கிளைகளோடு சேர்த்துப் புதைப்பதும் உண்டு. கொழிஞ்சி வயலில் செய்ததைத்தான் அதன் உறவினர்கள் மலையில் செய்தனர். வெள்ளைக்காரர் ஆய்ந்து சொன்ன பிறகு அதற்குப் பெயர் விஞ்ஞானம்.

கணக்கு எளிது. தயாரித்த தேயிலையில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு நைதரசன். ஒரு ஹெக்டேயரிலிருந்து 1,000 கிலோ தேயிலை போனால் 40 கிலோ நைதரசன் மண்ணை விட்டுப் போகிறது. அதை எவராவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1925இல் உருவாகித் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வேலையில் பெரும்பகுதி இந்தக் கணக்கைச் சுற்றியே நடந்தது.

பிறகு இரண்டு காரணங்களால் இச்செடிகள் பின்னுக்குப் போயின. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. ஈரமும் நிழலும் அந்தப் பூஞ்சணத்துக்கு உகந்தவை என்பதால் உயர்ந்த மலைகளில் நிழலைக் குறைத்தார்கள். மற்றக் காரணம் பசளை மூட்டை. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் வந்த பின்னர், ஓராண்டு காத்திருந்து வெட்டிப் புதைக்கும் வேலைக்கு ஆள் செலவிட எந்தக் கம்பனிக் கணக்காளர் சம்மதிப்பார்?

மூட்டை இல்லாமற் போகும் நாள் ஒன்று வரும் என்று எவரும் எண்ணவில்லை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஒக்ரோபரில் தேயிலைக்குத் தளர்த்தியது. நவம்பரில் தடையையே கைவிட்டது. இயற்கைப் பசளை என்ற நோக்கத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நோக்கம் இந்த மலைகளில் ஒரு காலத்தில் எப்படி நடைமுறையில் இருந்தது, அதற்கு எத்தனை பருவங்கள் தேவைப்பட்டன என்று ஆணையிட்டவர்கள் எவரிடமாவது கேட்டிருந்தால், ஒரே இரவில் செய்யத் துணிந்திருக்க மாட்டார்கள். விதை சேகரிக்க ஒரு பருவம், செடி வளர ஓராண்டு, மக்கி மண்ணோடு சேர மேலும் மாதங்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலா அல்லது மானாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றவே 18 முதல் 24 மாதம் விடுகிறார்கள்.

2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவளவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அதில் ஒரு பங்கு. ஆனால் பசளை காணாத செடி கொழுந்தைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. தடை வருவதற்கு இரண்டு மாதம் முன்னர், 2021 மார்ச்சில்தான், நீண்ட போராட்டத்துக்குப் பின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. முழுப்பேர் கிடைக்க வேண்டுமானால் இத்தனை கிலோ என்று தோட்டங்கள் கேட்டன. மலையில் கொழுந்து இல்லை. எடை குறைந்தால் அரைப்பேர்.