எந்தக் குழந்தைக்காக இந்த வீடு?

பெற்றோரிடம் இருக்க முடியாத சிறு குழந்தையை வேறொரு குடும்பத்தில் வளரவிடும் வழக்கத்துக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதியில், வீட்டைத் தயார் செய்வது என்றால் குடும்பம் ஒழுக்கமானதா, படுக்க இடம் உண்டா, துணிமணிக்கு வழி உண்டா என்று பார்ப்பதுதான். அவை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குழந்தை வந்தாலும் சரி என்று ஒழுங்கு செய்யப்பட்ட வீடு, வரப்போகிற அந்த ஒரு குழந்தைக்குத் தயாராகிவிட்டது என்று பொருளில்லை. இதை உணர அந்த நாட்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தாமஸ் கோரம் 1739இல் அரச சாசனம் பெற்று லண்டனில் நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம், 1741இல் முதல் குழந்தைகளை ஏற்றது. கைக்குழந்தைகளை அது நாட்டுப்புறத்துச் செவிலித்தாய்களிடம் அனுப்பிவிடும். பிள்ளையின் கழுத்தில் எண் பொறித்த ஈயவில்லை தொங்கும், உடுப்பு காப்பகத்துடையது, செவிலிக்குக் கூலி உண்டு, வட்டாரப் பிரமுகர்கள் சம்பளம் வாங்காமல் போய்ப் பார்த்து வருவார்கள். பச்சைப்பிள்ளையைத் துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள் என்று மருத்துவர் வில்லியம் காடகன் 1748இல் வெளியிட்ட கட்டுரை, இக்காப்பக நிர்வாகி ஒருவருக்கு எழுதிய கடிதமே. அந்தக் காலத்துக்கு இது பெரிய ஏற்பாடுதான். ஆனால் நாடாளுமன்றப் பணத்தைக் கொண்டு 1756 முதல் 1760 வரை வந்த பிள்ளைகளையெல்லாம் ஏற்றபோது, ஏறத்தாழ 15,000 பேர் குவிந்தார்கள். மூன்றில் இரு பங்கினர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களும் ஐந்து வயதையொட்டி லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் அறிந்த ஒரே தாய் அந்தச் செவிலிதான். கூலிக்கு வளர்ப்பவளுக்குப் பாசம் ஏது என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பிள்ளையைத் தாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று காப்பகத்தைக் கேட்ட செவிலிகளே அதற்குப் பதில். குழந்தையை ஒரு வீட்டில் சேர்க்கத் திட்டம் வைத்திருந்த காப்பகம், அங்கிருந்து பிரிக்கும்போது அதற்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

1870இல், வறியவர்களைப் பொதுப்பணத்தில் பராமரித்த ஏழைகள் சட்டத்தின் கீழிருந்த அனாதைகளைத் தொலைவூர்க் குடும்பங்களிலும் வளரவிட அரசு அனுமதித்தது. உழைத்துப் பிழைக்கும் கூலிக்காரனின் சொந்தப் பிள்ளையைவிட அரசாங்கப் பிள்ளை வசதியாக வளரும், அது நியாயமா என்று பொருளியல் அறிஞர் ஹென்றி ஃபாசெட் எதிர்த்தார். ஊர்ப்பிள்ளைக்குக் கிடைக்கும் பராமரிப்பே இந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருந்தால் அவர் கேள்விக்கு எடை இருந்திருக்கும். 1885இல் ஆய்வாளராக நியமிக்கப்பட்ட மிஸ் மேசன் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது வேறு. ஆய்வாளர் வருகிறார் என்றால் பிள்ளையின் முகத்தையும் கையையும் கழுவி நிறுத்திவிடலாம். அதனால் அவர் காலணியையும் காலுறையையும் கழற்றச் சொன்னார், உடுப்பை விலக்கிக் காயம் இருக்கிறதா என்று பார்த்தார். கூட்டிப் பெருக்கிய கூடத்தைப் பார்த்து அவர் திருப்தி அடையவில்லை. குழந்தையின் உடம்பைப் பார்த்தே வீட்டை எடைபோட்டார்.

அந்தக் கவனம் எல்லா இடத்திலும் தொடரவில்லை. நியூபோர்ட் நகரசபை ஷ்ராப்ஷயர் பண்ணை ஒன்றில் வளரவிட்ட 12 வயது டென்னிஸ் ஓ'நீல், 1945 ஜனவரியில் அடியாலும் பட்டினியாலும் நலிந்து இறந்தான். மேற்பார்வை எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதை சர் வால்டர் மாங்க்டனின் விசாரணை வெளிப்படுத்தியது. 1946இல், பெற்றோரிடம் இல்லாத குழந்தைகளின் பராமரிப்பை ஆராய்ந்த கர்ட்டிஸ் குழுவின் அறிக்கையும் 1948இல் குழந்தைகள் சட்டமும் வந்தன. உள்ளாட்சிதோறும் குழந்தைகளுக்கென்று தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். பாதுகாப்புக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது. வளர்ப்பு வீட்டுக்குள் குழந்தையின் மனம் என்ன பாடுபடுகிறது என்ற கேள்வி மிஞ்சியது.

அதற்கு விடை தேடியவர்கள், தாயைப் பிரியும் சிறு குழந்தைகளைப் படமெடுத்து ஆராய்ந்த ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதியர். தாய் அடுத்த பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்த நாட்களில், இரண்டரை வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளை 1960களில் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே இரு குடும்பங்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தன. பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எப்படித் தூங்கும், கழிப்பறைப் பழக்கம் எப்படி என்று ஜாய்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்டார். குழந்தையோடு அதன் சொந்தக் கட்டில், போர்வை, பொம்மை, தாயின் புகைப்படம் எல்லாம் வந்தன. அப்பா வந்துபோகத் தடையில்லை. அந்தப் பிள்ளைகள் வருந்தினாலும் நொறுங்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், ஆள் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட ஒரு குழந்தைகள் விடுதியில் ஒன்பது நாள் இருந்த 17 மாதக் குழந்தை ஜான் நிலைகுலைந்ததையும் அவர்கள் படமாக்கினார்கள்.

நான்கே குழந்தைகள், அதுவும் பாசமுள்ள பெற்றோரின் பிள்ளைகள், இருந்ததும் 10 முதல் 27 நாள். அடிபட்டு நள்ளிரவில் கொண்டுவரப்படும் குழந்தைக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவசரத்தில் முன்கூட்டிப் பழக வழியில்லை. ஆனால் இத்தனை அன்பு கிடைத்த பிள்ளைக்கே தன் போர்வையும் தன் வழக்கமும் அவ்வளவு தேவைப்பட்டன என்றால், ஒன்றுமில்லாமல் வரும் பிள்ளைக்கு அவை இன்னும் அவசியம். பழைய போர்வையைக் கையோடு எடுத்துவரவோ, எதைச் சாப்பிடும், இருட்டுக்குப் பயப்படுமா என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கவோ அதிகச் செலவும் ஆகாது. அறைகளை எண்ணும் அதிகாரி, வரப்போகிற பிள்ளையைப் பற்றி இந்த வீட்டாருக்கு என்ன தெரியும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், கட்டில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீடு பாதிதான் தயார்.