தீயணைப்பு வண்டியின் வயதும் வன்னியின் தூரமும்

தீயணைப்பு வண்டி எத்தனை ஆண்டுகளில் முதுமையடைகிறது என்ற வினாவுக்குப் பெருநகரங்கள் கண்ட விடையையே பிரமாணமாகக் கொள்வது பொதுவழக்கு. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், 15 ஆண்டு கடந்த வண்டியைச் சீர்செய்து சேமத்தில் வைக்குமாறும், 25 ஆண்டு கடந்ததை அறவே மாற்றுமாறும் ஆலோசனை கூறுகிறது. இந்தியாவிலோ, 2023 ஏப்பிரல் முதலாக, அரசுக்கும் நகராட்சிகளுக்கும் உரிய வாகனங்கள் 15 ஆண்டு கடந்தபின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. தீயணைப்பு வண்டிகளுக்கும் இதில் விலக்கில்லை. பயனுள்ள விதிகளே இவை. எனினும், ஒரு வண்டி பழுதுபட்டால் அடுத்த தெருவிலிருந்து வேறொன்று வந்துவிடும் என்ற நகரத்து நிச்சயத்தை இவை தம்முள் அடக்கியிருக்கின்றன என்பதும், அந்நிச்சயம் இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில் இல்லை என்பதும் நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கன.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை இரவோடிரவாக எரிந்தபோது, அவ்வூரில் தீயணைப்புச் சேவையே இருக்கவில்லை. அறுபது கிலோமீற்றருக்கு மேல் அப்பாலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியதாயிற்று. கரைச்சிப் பிரதேச சபையின் தீயணைப்புப் பிரிவு அந்த அழிவின் பின்னர் உருவானதே. இனி, நந்திக்கடலோரத்து வற்றாப்பளையை எடுத்துக்கொள்வோம். கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலன்று வெளிவீதியெங்கும் அடுப்புகள் எரிய, தற்காலிகக் கடைகள் நெருங்கி நிற்க, சனத்திரள் வந்து சேரும் அவ்வூருக்கு, வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஒரு வண்டி புறப்பட்டால், பரந்தன் வீதியாலோ மாங்குளம் வீதியாலோ ஐம்பது கிலோமீற்றர் அளவிலேனும் ஓடியே ஆகவேண்டும். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்திலும் அது ஐம்பது நிமிஷப் பயணம். சோளகக் காற்றில் கிடுகுக் கூரையும் வைக்கோற் போரும் அத்தனை நேரம் காத்திரா.

இந்நிலையில், நகரத்தில் ஓடித் தேய்ந்த வண்டியைப் பின்தங்கிய பிரதேசத்துக்கு அனுப்பும் வழக்கம், தமையனின் சட்டையைத் தம்பிக்கு உடுத்துவது போலச் சிக்கனமாகத் தோன்றினும், நியாயத்துக்குப் பொருந்தாதது. தூரம் கூடக்கூட வண்டி வழியில் நின்றுவிடும் அபாயமும் கூடுகிறது; நின்றுவிட்டால் பதிலுக்கு வர வேறொன்றில்லை. ஆகவே, பழைய வண்டி எங்கே மிகுந்த தீங்கு செய்யுமோ அங்கேயே அதனை அனுப்பி வைக்கிறோம்.

வண்டியின் முதுமையைப் பதிவுப் புத்தகத்து ஆண்டு மட்டும் காட்டுவதில்லை, பம்பியே காட்டும். உறிஞ்சு குழாயைக் கிணற்றில் இறக்கி, காற்றை வெளியேற்றி, நீர் ஏறும்வரை எண்ணிக்கொண்டு நிற்கும் பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டுவிடும். கணக்குப்படி பத்து மீற்றர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சலாமாயினும், நடைமுறையில் ஏழு மீற்றரே எல்லை. முத்திரை வளையம் உலர்ந்து காற்றுக் கசியும் பழம் பம்பிக்கு அதுவும் எட்டாது. ஆடி, ஆவணியில் கிணறு வற்றி, நந்திக்கடலின் உவர்நீரையே உறிஞ்ச நேர்ந்தால், பின்னர் நன்னீர் பாய்ச்சிக் கழுவாத பம்பி விரைவில் அரிப்புண்ணும். பிறநாட்டார் பாவித்துக் கைமாற்றும் வண்டியாயின் உதிரிப்பாகம் தேடுவது தனித்த துன்பம்.

எனவே வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் துணிபு. புதிய வண்டி முதல் ஏழெட்டு ஆண்டுகள், ஒற்றை வண்டியே உள்ள தூரத்து நிலையத்தில் நிற்கட்டும். அங்கே அழைப்பு குறைவாதலால் எஞ்சின் மிகத் தேயாது. ஆனால் அழைப்பு வரும்போது ஓடவேண்டிய தூரம் பெரிது. அதன்பின் அது யாழ்ப்பாணம் அல்லது வவுனியாவுக்குச் செல்லட்டும். பழுது மலியும் பிற்பருவத்தில் பட்டறையும் பொறிவல்லுநரும் துணை வண்டியும் அருகே இருப்பது அதற்கு நன்று. நகரத்தில் அழைப்பு மிகுதியாதலின் புதியது அங்கேதான் வேண்டும் என்பார் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் அழைப்பின் தொகையை மட்டும் அளந்து, வண்டி வாராதபோது நேரும் நட்டத்தை அளவாது விடும் கணக்கு முழுக்கணக்காகாது. பழையதேனும் இல்லாமையினும் மேலன்றோ என்ற ஆட்சேபமும் உண்டு. மேல்தான்; ஆனால் தண்ணீர் பவுசராகவோ சேம வண்டியாகவோ அது நிற்கட்டும், முதல் வண்டியாக வேண்டாம். புதியதாயினும் வாரந்தோறும் பம்பியை ஓட்டிப் பாராவிடில் அது சும்மா நின்றே கெடும் என்பதையும் இத்திட்டத்தோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

இதற்குப் பெருந்தடை, தீயணைப்பு ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்தின் தனிப்பொறுப்பாக இருப்பதேயாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபை, சோலைவரியையும் சந்தைக் குத்தகையையும் கொண்டு வண்டி வாங்கும் முதலைச் சேர்ப்பது அரிது. தன் செலவில் வாங்கியதை ஏழாண்டில் பிறிதொரு சபைக்குக் கொடுக்க எந்தச் சபையும் இசையாது. வண்டிகள் மாகாண சபையின் பொது உடைமையாகி, ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் தேய்மானத்துக்கு ஒரு பங்கைப் பொதுநிதியில் இட்டு வந்தாலன்றிச் சுழற்சி நடவாது. அந்தப் பங்கைச் சபையின் வருமானத்தைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டுமேயன்றி, அதன் எல்லையின் பரப்பைக் கொண்டு நிர்ணயித்தல் ஆகாது. பரப்பைக் கொண்டால் வற்றாப்பளை அடங்கிய கரைதுறைப்பற்றுப் போன்ற அகன்ற, வறிய சபையே மிகுந்த பாரத்தைச் சுமக்க நேரும்.