அன்னா மாணியின் ஆய்வேடு

அந்தமானின் பாராடாங் தீவிலிருந்து, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேயருக்குச் சாலைவழி செல்வோர் நீரிணையைப் படகில் கடந்து, ஜாரவா காப்புக்காட்டின் ஊடே காவலுடன் செல்லும் வாகன வரிசையில் சேர்ந்தாக வேண்டும். தீவுகளின் முதல் கல்லூரி அந்நகரில் 1967இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பட்டம் வேண்டியவர்கள் பெருநிலத்துக்குக் கப்பலேறினர். இத்தனை தொலைவு கடந்து இயற்பியல் பயிலப் புகும் மாணவரிடம் ஊரார் கேட்பது ஒன்றுதான்: படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?

விடையாக இராமனைக் காட்டுவது வழக்கம். அவரே 1907இல் முதுகலை முடித்து அரசின் நிதித்துறைப் பணிக்குத்தான் சென்றார் என்பதை எவரும் சொல்வதில்லை. இக்கேள்விக்கு அவரினும் பொருந்தும் சான்று அவருடைய மாணவி அன்னா மாணி.

பீருமேட்டில் 1918இல் பிறந்த அவர், 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலைச் சிறப்புப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரங்களின் ஒளிர்வை நிறமாலையாகப் பதிவு செய்வதே பணி. ஒரு படத்தகட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளி காட்ட வேண்டியிருந்ததால், பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அச்சேறிய ஆய்வினும் விதியின் சொல்லே பெரிதாகக் கருதப்பட்டது. அறிவுத்துறைக்கு அழகன்று அது.

அவ்வாண்டே அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். இயற்பியலைத் தொடரவே விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிப் பயிற்சி. 1948இல் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்தமான் கடலில் தாழ்வழுத்தம் உருவானால் அதை அளந்து காட்டுவது அழுத்தமானி. அத்தகைய கருவிகளை அயல்நாட்டிலிருந்து தருவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே அவை உருவாக வழிசெய்தார். 1957-58இன் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். பின்னர் ஓசோனை அளக்கும் கருவியும் உருவாயிற்று. துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றபின் காற்றின் ஆற்றலைக் கணக்கிடும் பணியில் இறங்கினார்.

பட்டம் பெறாத அந்த ஆய்வேடு பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளிலிருந்து வேறுபாடு தெரியாதவாறு, கட்டமைக்கப்பட்டு இருக்கிறது.