அறிவிப்போடு முடிவதில்லை மாற்றம்

நம் பங்குகளில் மாற்றங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. திருப்பலி நேரம் மாறுகிறது. பங்குப் பேரவை புதிதாக அமைகிறது. அன்பியங்கள் பிரித்து அமைக்கப்படுகின்றன. ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது. சில மாதங்களில் பழைய பழக்கமே திரும்பிவிடுகிறது. அல்லது மனம் புண்பட்ட சில குடும்பங்கள் கோவிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்கின்றன. பல நேரங்களில் மாற்றத்தில் குறையில்லை, அதைக் கொண்டுசென்ற விதத்தில்தான் குறை.

இதில் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஏட்டை 2147க்கு 4 என்ற வாக்குகளில் ஏற்றனர். இத்தனை ஒருமனம் இருந்தும் எல்லாம் மறுநாளே மாறிவிடவில்லை. உண்மையான தேவை இருந்தாலன்றிப் புதியது எதுவும் வேண்டாம், வருவதும் ஏற்கெனவே இருப்பதிலிருந்து வளர்ந்து வரவேண்டும் என்று அந்த ஏடே கூறுகிறது. மக்களுக்குக் கற்பிக்குமுன் மேய்ப்பர்கள் அதில் ஊறியிருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. முதற்கட்ட மாற்றங்கள் 1965 மார்ச் 7, தவக்கால முதல் ஞாயிறன்று நடைமுறைக்கு வந்தன. அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமை நகரின் ஒரு பங்குக் கோவிலுக்குத் தாமே சென்று, மக்களின் மொழியான இத்தாலியத்தில் திருப்பலி நிறைவேற்றினார். புதிய திருப்பலி முறை வரத் தொடங்கியதோ 1969 நவம்பர் 30இல்தான்.

அதற்குச் சில நாள்களுக்கு முன் நடந்த பொது மறைபோதகத்தில் திருத்தந்தை பேசியது நம் கவனத்துக்குரியது. இலத்தீன் மொழியையும் கிரகோரியன் இசையையும் பெருமளவு இழக்கப்போகிறோம் என்பதை அவர் மறைக்கவில்லை. பக்தியுள்ளவர்களே அதிகம் கலங்குவார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். பிறகுதான் மக்கள் புரிந்து செபிப்பது அதைவிட மேலானது என்று விளக்கினார். நம்மில் பலர் மாற்றத்தின் நன்மைகளை மட்டும் அடுக்குகிறோம். இழப்பவரின் வருத்தத்துக்கு அங்கே இடமே இருப்பதில்லை. (அப்படியும் பல இடங்களில் போதிய விளக்கமின்றி மாற்றங்கள் புகுத்தப்பட்டதும், மனத்தாங்கல் எழுந்ததும் வரலாறு.)

தொடக்கத் திருச்சபையைப் பாருங்கள். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்யவேண்டியதில்லை என்று எருசலேமில் முடிவானபோது, கடிதம் மட்டும் போகவில்லை. அதிலுள்ளதை வாய்மொழியாகவும் எடுத்துச்சொல்ல யூதாவும் சீலாவும் அந்தியோக்கியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சொல்லிவிட்டு உடனே திரும்பவில்லை. சில காலம் அங்கேயே தங்கி மக்களைத் திடப்படுத்தினார்கள் (திப 15).

அதற்கும் முன், அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்தார்கள் (திப 6). திருத்தூதர்கள் அவர்களைக் குறைகூறுவோர் என்று ஒதுக்கவில்லை. ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா ஆகிய ஏழுமே கிரேக்கப் பெயர்கள்! முறையிட்ட தரப்பின் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலும். நம் பேரவைகளில் இதற்கு எத்தனை பேர் துணிவோம்?

திருப்பலி நேரத்தை மாற்ற எண்ணும் பங்கு, விடியற்காலைத் திருப்பலிக்கு வரும் முதியவர்களிடமும், ஞாயிறும் வேலைக்குச் செல்வோரிடமும் முதலில் கேட்கட்டும். அன்பியக் கூட்டங்களில் காரணத்தை நேரில் சொல்லட்டும். மூன்று மாதம் நடத்திப் பார்த்தபின், அதே மனிதர்களிடம் மீண்டும் போய்க் கேட்கட்டும்.