கப்பல் தளமும் விமான இருக்கையும்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இன்று மீன்பிடிப் படகுகளே மிகுதி. அவற்றைக் காணும்போது, கப்பலேறி மலாயா சென்ற நம் சபராளிகளின் காலம் நினைவுக்கு வருகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் ஏறிய 'ரஜூலா' 1926இல் கட்டப்பட்டது. 1973 வரை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்தது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளத்தில் இருக்கைகள் இல்லை. பாய் விரித்த அளவே இடம். நெரிசல் கடுமையானதே. ஆயினும் பருத்தவர் ஒருவர் அருகில் வந்தால் பாயைச் சற்றே நகர்த்திக்கொள்ள முடிந்தது. அவையில் பிறருக்கு இடமளிக்கச் சொல்லும் அல்முஜாதலா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தைக் கைக்கொள்ள அங்கே வழியிருந்தது.

விமானத்தில் அந்த வழி அடைபட்டது. சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் ஏறத்தாழ 17 அங்குலம். இடையில் ஒரு கைப்பிடி. உடல் அதனை மீறினால், இருக்கையைக் குறுக்கியவரை எவரும் நோவதில்லை. பருத்தவரே குற்றவாளிபோல் நோக்கப்படுகிறார். ஒடுங்கி அமரும் பக்கத்துப் பயணியின் இடர்ப்பாடும் பொய்யன்று. அவரும் முழுக் கட்டணம் செலுத்தியவர்தாமே!

அமெரிக்காவில் சில நிறுவனங்கள் பருத்தவரிடம் இரண்டாம் இருக்கைக்கும் கட்டணம் கேட்டன. கனடாவின் போக்குவரத்து ஆணையமோ 2008 ஜனவரியில், உடற்பருமனால் இயலாமைக்குள்ளானவரிடம் கூடுதல் இருக்கைக்குக் கட்டணம் பெறலாகாது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்ய முயன்றன. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. ஆனால் தீர்ப்பு அந்நாட்டின் உள்நாட்டுப் பயணங்களோடு நின்றது. வளைகுடா செல்லும் நம் சபராளிகளுக்கு அதனால் பயன் ஏதுமில்லை.