படைக்கலமும் ஆசானும்

கி. பி. 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் தேதி கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். ஈராண்டின் பின், 1805 நவம்பரில், அவ்வாங்கிலேயரை எதிர்த்த மலையாள நாட்டுப் பழசியரசனும் வீழ்ந்தான். இரு நாடுகளிலும் அந்நியராட்சி நிலைபெற்றது. எனினும், வாளைப் பறித்தல் எளிது. வாள்வித்தையை அழித்தல் அரிது. மலையாள நாட்டுக் களரிப்பயிற்றே இதற்குச் சான்றாம்.

மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என அக்கலை நான்கு படிகளையுடையது. முதலில் உடலைப் பண்படுத்தி, அடுத்துக் கோலும், பின்னர் இரும்புப் படையும் பயிற்றுவர். ஆயுதமின்றித் தற்காத்தலே இறுதிப்படி. ஆதலால், படைக்கலம் பறிபோயினும் கலை ஆசானிடத்தே எஞ்சி நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணாக்கர் சி. வி. நாராயணன் நாயரும் அதற்குப் புத்துயிரளித்தனர். வடகரையில் இராகவன் குருக்கள் 1949இல் கடத்தநாடன் களரி சங்கத்தை நிறுவினார். ஏழாம் வயதிற் களரி புகுந்து அவரிடம் பயின்ற மீனாட்சியம்மா, பின்னர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியாகித் தாமும் குருக்களாயினார். கட்டணம் விதியாது, மாணாக்கர் உவந்தளிக்கும் குருதட்சிணையே ஏற்று, ஆண் பெண் இருபாலார்க்கும் பயிற்றினார். 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

பண்டாரவன்னியன் பெயரை வன்னிநாடு மறந்திலது. அவன் வீரர்க்குப் படைப்பயிற்சி அளித்த ஆசான்மாரை நினைப்பாரோ அரியர். வீரன் ஒரு போரை வெல்வான். தோல்விக்குப் பின்னுங் கலையைக் காப்பவன் ஆசானே.