புட்டாஜிராவில் கதவைத் தட்டியவர்கள்

இன்னைக்கு எபிசோடு எத்தியோப்பியாவைப் பத்தி. டாக்டருக்கே பஞ்சம் இருக்கிற ஒரு ஏழை நாடு, மனநல ஆராய்ச்சியாளர்களை உருவாக்க எதுக்குச் செலவு பண்ணணும்? ஆராய்ச்சியை வெளிநாட்டுக்காரங்க பண்ணட்டும், இங்கே மாத்திரை வந்து சேர்ந்தா போதாதா? நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் 1960களில் ஆரம்பிக்குது.

அப்போ உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயை ஆராய்ந்தது. லண்டன், மாஸ்கோ, டென்மார்க்கின் ஆர்ஹுஸ், கூடவே நம்ம ஆக்ரா, நைஜீரியாவின் இபாடன். சில வருடம் கழித்து அதே நோயாளிகளைத் திரும்பப் பார்த்தாங்க. ஆக்ராவிலும் இபாடனிலும் இருந்தவர்கள், பணக்கார நாட்டு நோயாளிகளை விட நல்லா தேறியிருந்தாங்க. அடுத்து நடந்த ஆய்விலும் அதே போக்கு. ‘வளரும் நாடுகளில் மனச்சிதைவு நல்லா குணமாகும்’ என்பது பாடப்புத்தகம் வரைக்கும் போயிடுச்சு. கூட்டுக் குடும்பம், கிராமத்து வாழ்க்கைன்னு அதுக்குக் காரணமும் சொன்னாங்க. கேட்கவே இதமா இருக்குல்ல?

ஆனா அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஏதோ ஒரு இடத்துக்கு உதவி தேடி வந்தவங்க. வராதவங்க கதை என்ன? ஆப்பைத் திறக்கவே முடியாத போனிலிருந்து கிராஷ் ரிப்போர்ட் வராது. ரிப்போர்ட் வரலைன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தமா?

அந்த வராதவங்களைத் தேடிப் போன இடம்தான் புட்டாஜிரா. அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே இருக்கும் கிராமப்புறம். அடிஸ் அபாபா பல்கலைக்கழகமும் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகமும் 1980களிலேயே அங்கே ஒரு சுகாதார ஆய்வுத் தளத்தைத் தொடங்கியிருந்தன. எத்தியோப்பிய மனநல மருத்துவர் அட்டலாய் அலெம் 1997இல் உமியோவில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் ஸ்வீடனில், ஆராய்ச்சி சொந்த நாட்டில். முடிச்சதும் அவர் ஊருக்குத் திரும்பினார். இந்தக் கதையோட திருப்புமுனையே அதுதான்.

1998இல் வீடு வீடாகப் போக ஆரம்பிச்சாங்க. 15 முதல் 49 வயது வரை உள்ள 68,378 பேர். அம்ஹாரிக் மொழியில் ஒரு கேள்வித்தாள். அது மட்டும் போதாதுன்னு, ஊரை நல்லா தெரிஞ்ச பெரியவங்ககிட்டயும் விசாரிச்சாங்க. ஒரு வழியில் தப்பினவங்க இன்னொரு வழியில் கிடைச்சாங்க. பெரும்பாலானவங்க அதுவரை ஒரு மாத்திரை கூடப் பார்த்ததில்லை.

சில வருடம் பின்தொடர்ந்த முடிவுகள் 2009இல் வெளியாச்சு. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய முழுக்கக் குணமாகி அப்படியே இருந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 6 பேர். கிட்டத்தட்ட மூணில் ஒருத்தருக்கு நோய் விடவே இல்லை. ‘கிராமத்தில் தானா சரியாகும்’ என்ற நிம்மதி அங்கேயே ஆட்டம் கண்டது.

இதுக்கு நடுவில் இன்னொரு வேலையும் நடந்தது. 2003 வரைக்கும் எத்தியோப்பியாவில் மனநல மருத்துவம் மேற்படிப்பு கிடையாது. படிக்க வெளிநாடு போகணும், போனவங்க பலர் திரும்பலை. ஏழு கோடி மக்களுக்கு சுமார் 11 மனநல மருத்துவர்கள். அந்த வருடம் அடிஸ் அபாபாவிலேயே படிப்பு தொடங்கியது. மாணவர்களை டொரண்டோவுக்குக் கூப்பிடாம, டொரண்டோ பேராசிரியர்களே ஒரு மாதம் வந்து பாடம் எடுத்துட்டுப் போனாங்க. அடுத்து மனநோய்ப் பரவலியலில் முனைவர் படிப்பும் அங்கேயே வந்தது.

இதெல்லாம் ஏன் முக்கியம்? புட்டாஜிராவில் கண்டுபிடித்த கடும் மனநோய் உள்ள 919 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தாங்க. 2015இல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அபெபாவ் ஃபெக்காடு, எத்தியோப்பியர். பத்து வருடத்தில் 121 பேர் இறந்துட்டாங்க. சராசரியா முப்பது வருட ஆயுள் பறிபோயிருக்கு. பாதிப்பேரைக் கொன்றது சாதாரணத் தொற்றுநோய்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பலர் பிழைச்சிருக்கலாம். மூணு வார விசாவில் வந்து போறவங்களால் இப்படி ஒரு ஆய்வைப் பண்ண முடியாது. பத்து வருடம் அதே கதவைத் தட்ட ஆள் அங்கேயே இருக்கணும்.

பிரச்சினை தெரிஞ்சதும் அடுத்த கேள்வி: நகரத்து மனநலப் பிரிவுக்கு வர முடியாதவங்களைப் பக்கத்துச் சுகாதார நிலைய ஊழியர்களே பார்த்துக்க முடியுமா? அவங்களுக்குப் பயிற்சி கொடுத்து சோதிச்சாங்க. மனநலச் செவிலியர் நடத்தும் ஆஸ்பத்திரிப் பிரிவில் கிடைக்கும் கவனிப்புக்கு அது சளைச்சதில்லைன்னு 2022இல் முடிவு வந்தது. புட்டாஜிராவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கிளம்பின பதில் இது.

இதில் ஒரு சிக்கல் இன்னும் இருக்கு. இந்த ஆய்வுகளுக்கான பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆளை உருவாக்கினது நீண்டகால வேலை, ஆனா நிதி ஒவ்வொரு திட்டத்தோடும் முடிஞ்சுடும். அடுத்த பத்து வருடம் கதவைத் தட்டப் போறவங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.